கால் பிடித்த மரமும் மடக்கு ஸ்டாண்டும்

ஆவுடையார்கோவிலில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் சட்டம் செய்துகொண்டிருந்தபோது உளி நழுவி என் இடது கால் பெருவிரலில் இறங்கியது. உளி மேல் குற்றமில்லை. தரையில் உட்கார்ந்து, கட்டையைக் குதிகாலால் அழுத்தி, விரலால் அணைத்துப் பிடித்துத்தான் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். எனக்குக் கால்தான் கிளாம்ப்.

புதுக்கோட்டையில் டாக்டர் தையல் போட்டுவிட்டு சுகர் பார்த்தார். எனக்குச் சுகர் இருக்கிற சங்கதியே அன்றைக்குத்தான் தெரியும்.

"இந்தத் தடவை விரல் தப்பிச்சிருச்சு. இன்னொரு வெட்டு விழுந்தா எடுக்க வேண்டியதுதான். செருப்பில்லாம நிக்காதீங்க, காலால மரத்தப் பிடிக்காதீங்க" என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவி சகுந்தலா அதை மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். அவள் திட்டினால் எனக்குப் பயமில்லை, எழுதி வைத்துக்கொண்டால்தான் பயம்.

காயம் ஆற ஆறு வாரம் ஆயிற்று. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. நன்றாக இருந்த ஸ்டூலுக்குக் கால் மாற்றினேன், சத்தமே போடாத கதவின் கீலைக் கழற்றி எண்ணெய் விட்டேன். திருமயம் பக்கத்தில் ஒரு பழைய வீட்டில் எட்டுத் தேக்குக் கதவுகளைச் சரிசெய்ய ஒப்புக்கொண்டிருந்தேன். அது கைவிட்டுப் போய்விடுமோ என்று ஒரு பக்கம், காலால் பிடிக்காமல் எனக்கு இனி வேலை வருமா என்று ஒரு பக்கம்.

நின்றுகொண்டே வேலை செய்ய மடக்கு ஸ்டாண்டு இருக்கிறது. மேலே இரண்டு தாடை. நடுவில் பலகையை வைத்து இறுக்கினால் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் மடக்கி வண்டியில் கட்டிக்கொள்ளலாம். சரி, அதுதான் வழி என்று கட்டுப் பிரித்த மறுநாளே கடைக்கு ஓடினேன்.

ஐந்து நிமிஷத்தில் வாங்கிவிட்டேன். ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், லேசாக இருந்தது. மொபெட்டின் பின்னால் அடங்கியது. கையால் இரண்டு ஆட்டு ஆட்டினேன், நின்றது. வேறு என்ன வேண்டும்? கடைக்காரர் இன்னொன்றையும் காட்ட வந்தார். எனக்கு எங்கே பொறுமை.

திருமயத்தில் முதல் நாள். என்னோடு வேலை பார்ப்பவன் செல்வராசு, சகுந்தலாவின் தம்பி. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற இழைப்புளியைச் செருப்புக் காலோடு எடுப்பதாவது? டாக்டருக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கதவின் விளிம்பு மேலே இருக்கும்படி தாடையில் நிறுத்தி இறுக்கினேன். இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளியதும் வழவழத் தரையில் ஸ்டாண்டு ஒரு சாண் நகர்ந்தது. கோபத்தில் இரண்டாவது தள்ளு. பிளாஸ்டிக் தாடை வளைந்து கதவு சாய்ந்தது. அந்த நேரத்தில் என் இடது கால் என்னைக் கேட்காமலே கதவைத் தாங்கப் போனது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம், சும்மா விடுமா? செல்வராசு என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். என் கால் இருந்த இடத்தில் கதவின் மூலை விழுந்து தரைக்கல் விண்டது.

அவன் கதவை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தான். போனை எடுத்து அக்காவிடம் சொல்லிவிட்டான், படுபாவி.

சாயங்காலம் சகுந்தலா ஸ்டாண்டைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இத மரத்துக்கு வாங்குனீங்களா, வண்டிக்கு வாங்குனீங்களா?"

மறுநாள் அவளும் கடைக்கு வந்தாள். கையில் ஒயர் கூடை. அதில் ஒரு தேக்குத் துண்டு, என் இழைப்புளி, புது கேன்வாஸ் ஷூ, ஒரு சின்ன விளக்குமாறு. ஒவ்வொரு ஸ்டாண்டிலும் கட்டையை இறுக்கி இழைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். கடைக்குள் மரச்சீவல் சுருளாக விழுமே என்று கடைக்காரர் தயங்கினார்.

"நான் கூட்டித் தாரேன்ணே" என்று விளக்குமாற்றை எடுத்துக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டார்.

ஷூவை என் முன்னால் வைத்தாள். இழைப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு இதையா போடுவது, பாவம் இல்லையா என்றேன்.

"வெரலு போச்சுன்னா அந்த இழைப்புளிய யாரு எடுப்பா? கும்பிட்டுட்டுப் போட்டுக்கங்க."

இழைப்புளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஷூவை மாட்டினேன். 

முதலில் இழைத்துப் பார்த்தது நகர்ந்தது. அடுத்தது நகரவில்லை, ஆனால் தாடை கதவின் தடிமனுக்கு விரியவில்லை. மூன்றாவது, அன்று அவர் காட்ட வந்த அதே ஸ்டாண்டு. கனம். மூன்று கால், அதனால் மேடு பள்ளத்திலும் ஆடாது. கீழே ஒரு பெடல். காலால் மிதித்தால் தாடை இறுகுகிறது. இடது காலை வைத்து மிதித்தேன். கட்டை கவ்விக்கொண்டது. பத்துத் தள்ளு தள்ளினேன், அசையவில்லை. இத்தனை நாள் மரத்தைப் பிடித்த காலுக்கு மறுபடி ஒரு வேலை கிடைத்துவிட்டது. கடையென்றும் பாராமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதிதாக வாங்கப் போகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். தூக்கிப் பார்த்து வாங்காதீர்கள். நீங்கள் இழைக்கிற மரத்தை, உங்கள் இழைப்புளியை, வேலைக்குப் போடப்போகிற ஷூவைக் கொண்டுபோங்கள். தாடை உங்கள் மணிக்கட்டு உயரத்தில் இருக்கட்டும். கனத்தைத் தூக்க இன்னொரு ஆள் வருவான், போன விரல் வராது. அவசரக்காரர்கள் கூடவே ஒரு ஆளைக் கூட்டிப்போங்கள். நான் இன்னும் அவசரக்காரன்தான்.

எட்டுக் கதவும் முடிந்த அன்று வீட்டுக்கு வந்ததும் சகுந்தலா காலை நீட்டச் சொன்னாள். ஷூவைக் கழற்றி, டார்ச் அடித்து, ஒவ்வொரு விரலையும் விரித்துப் பார்த்தாள்.

"பத்து" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.