மெஷின் உதறலும் பிள்ளை உதையும்

தையல் கம்பெனியில் எல்லாருக்கும் அவள் காஜாக்கா. சட்டைக்குப் பட்டன் துளை போடும் காஜா மெஷினில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவள். வேலையில் புலி, வாயில் அதற்கும் மேல்.

மூன்று வருஷத்துக்கு முன் அவளுடைய முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலம் வரை அது அசைகிறது என்றுதான் நினைத்திருந்தாள். காஜா மெஷின் அடிக்கிற அடி மேஜை வழியாக வயிற்றுக்கு ஏறும். அந்த உதறலைப் பிள்ளை என்று நம்பிக் கையிலிருந்த சட்டைக் கட்டை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். படுத்த பிறகுதான் தெரிந்தது, உள்ளே ஒன்றுமே அசையவில்லை என்று. முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆறுதலுக்கு ஆயிரம் சொல்வார்கள். சுமந்தவளுக்கு அதெல்லாம் காதில் ஏறுமா?

இப்போது மறுபடி எட்டாம் மாதம். மணிக்கொருதரம் மெஷினை நிறுத்திவிட்டுப் படிக்கட்டுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நிற்பாள். ஓர் உதை கிடைத்த பிறகுதான் திரும்பி வருவாள். மகாராணி உலாப் போகிறாள் என்று சூப்பர்வைசர் முணுமுணுத்தார். ஒரு தடவை சுமந்து பார்த்துவிட்டு வந்து பேசச் சொன்னாள். அதோடு அடங்கினார்.

அன்றைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்தால் கால் நிற்கவில்லை. காலையிலிருந்து உதைத்ததா? நினைவில்லை. மெஷினை நிறுத்தி வயிற்றில் கை வைத்தாள். ஒரே நீள மேஜையில் பன்னிரண்டு மெஷின். தன்னுடையது நின்றாலும் மற்ற பதினொன்று மேஜையை உலுக்கின. வயிறு நடுங்கியது. நடுங்குவது எது என்று தெரியவில்லை.

பக்கத்து மெஷினில் காலர் தைப்பவள் அவளுடைய நாத்தனார். வீட்டில் இருவருக்கும் எண்ணெயும் தண்ணீரும்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். தன் மெஷினை நிறுத்திவிட்டு வரிசையைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாரும் நிறுத்துங்கடி. அண்ணி புள்ளயப் பாக்கணும்."

ஒவ்வொரு மெஷினாக நின்றது. கரண்ட் போய்விட்டதோ என்று ஓடிவந்த சூப்பர்வைசர், பெண்கள் மடியில் கையை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

காஜாக்கா கண்ணை மூடினாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு விலாவுக்குக் கீழே, காய்ச்சல்காரர் புரண்டு படுக்கிற மாதிரி மெல்ல ஒன்று.

"இருக்கு," என்றாள். "ஆனா தெம்பில்ல. ஆட்டோவக் கூப்பிடு."

அதுதான் அசைந்துவிட்டதே, கையிலிருக்கும் கட்டை முடித்துவிட்டுப் போகலாமே என்று இழுத்தார் சூப்பர்வைசர்.

"போன தடவ முடிச்சிட்டுத்தான் போனேன்."

அவர் தானே போய் ஆட்டோ பிடித்து வந்தார்.

அன்றைக்கு மதியமே வயிற்றை அறுத்து எடுத்தார்கள். பெண். ஒன்றே முக்கால் கிலோ. கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. காஜாக்கா எழுந்து உட்காரத் தொடங்கிய நாளிலிருந்து பெட்டிக்குள் கை விட்டு, அதன் நெஞ்சில் ஒரு விரலை வைத்தபடி இருந்தாள். போய்ச் சாப்பிடுங்கள் என்று நர்ஸ் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். கடைசியில் நாத்தனார்தான் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நகருங்க அண்ணி. விரல நான் வெச்சுக்கறேன்."

காஜாக்கா வராந்தாவில் நின்றபடியே நாலு வாய் விழுங்கிவிட்டு வந்தாள். "அசஞ்சுதா?"

"உங்க பொண்ணுதான. சும்மா இருந்தாத்தான?"