மாரிசெல்வியின் சுவிட்சுக்குச் சந்தனம்

மாரிசெல்வியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்றுதான் ஆரம்பிக்கிறேன். ஆனால் பிடிவாதத்தை விட்டுவிட்டு அவளைச் சொல்ல முடியாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள். நாலாவது காலைக் காட்டினால் அதைப் பூட்டி வைத்துவிடுவாள்.

சிவகாசியில் எங்கள் அச்சகத்துக்குக் காலண்டர்தான் பெரிய வேலை. நான் அங்கே கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கிறவள். நாங்கள் செய்கிற படங்களெல்லாம் ஏசி அறையில் ஒரு ஸ்டோரேஜ் பெட்டிக்குள் கிடக்கும். அதற்கும், படங்களை எங்களுக்கு எடுத்துத் தரும் சர்வர் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே ஒரு சுவிட்ச் உண்டு. அதன் முகம் முழுக்க வயர் செருகும் துளைகள். அவற்றைப் போர்ட் என்போம். எந்தப் போர்ட்டில் இருக்கிற சர்வர் எந்தப் படங்களைத் தொடலாம் என்று அனுமதி எழுதுவது மாரிசெல்வியின் வேலை.

மதுரையிலிருந்து வந்த கம்பெனிக்காரர் ஒருவர் அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னார். ஒவ்வொரு சர்வருக்கும் செய்யும்போதே பதித்த மாறாத எண் ஒன்று உண்டு, அதற்கு அனுமதி கொடுத்தால் எந்தத் துளையில் செருகினாலும் ஓடும் என்றார். ம்ஹூம். போர்ட்டுக்குத்தான் அனுமதி, அவரவர் அறையில்தான் அவரவர் என்று நின்றாள். ஆளில்லாத போர்ட்டுகளைப் பூட்டியும் போட்டாள். சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால், கோயில் படியைத் தொடுவது போல, அதை மாட்டியிருக்கும் ரேக்கின் இரும்பை ஒருதரம் தொட்டுக்கொள்வாள். நான் பக்கத்தில் நின்று தவறாமல் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். முறைப்பாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. விஸ்வநத்தத்தில் அவள் அம்மா சோலையம்மாள் பட்டாசு ஆலையில் மருந்து அடைத்தவர். அங்கே அறைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. உடம்பில் ஏறிய மின்சாரம் பொறியாகிவிடாமல் இருக்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஒருநாள் பக்கத்து அறை தீப்பிடித்தது. சோலையம்மாள் தன் அறையிலேயே இருந்ததால் பிழைத்தார். மாரிசெல்விக்கு இங்கே வேலை நிரந்தரமான சித்திரையில், இனிமேல் நீ அங்கே போகவே கூடாது என்று அம்மாவை வீட்டில் உட்கார வைத்துவிட்டாள்.

ஆனியில் அவளே ஒரு காரியம் செய்தாள். சும்மா கிடக்கிறது என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த போர்ட் ஒன்றைப் பூட்டிவிட்டாள். அரை நாள் அச்சு நின்றது. முதலாளி அய்யாதுரை அண்ணாச்சியின் மகன் மணிகண்டராஜ், இன்னொரு தடவை நின்றால் வேலையை மதுரைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவள் வேலை போனால் சோலையம்மாள் அன்று சாயங்காலமே பட்டாசு ஆலைக்குப் போகத் தூக்குச்சட்டியைத் தேடி எடுத்துவிடுவார். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. மிஷின்களையெல்லாம் நிறுத்தி, கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, பொரிகடலை தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் விஜயதசமிக்கு முதல் தாள் ஓட்டுவது வழக்கம். எல்லோரும் மிஷினைச் சுற்றி நிற்கிறோம், என் கம்ப்யூட்டரில் ஒரு படமும் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு மவுஸ் தப்பியது பெரிய காரியம்.

ஏசி அறைக்கு ஓடினோம். சுவிட்ச் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் மேலே ஒரு சந்தனப் பொட்டு. நல்லவேளை, துளைக்குள் வைக்கவில்லை. நடுநடுவே இடைவெளி விட்டு அவள் செருகியிருந்த வயர்களெல்லாம் முதல் துளையிலிருந்து பல்வரிசையாக நெருக்கி நின்றன. வயர்களில் அவள் ஒட்டியிருந்த எண் லேபிள் ஒன்றைக்கூடக் காணோம். ஊருக்கெல்லாம் லேபிள் அச்சடித்துக் கொடுத்த அண்ணாச்சிக்கு அவை அழுக்காகத் தெரிந்திருக்கின்றன.

அந்த அறையைத் தன் கையால்தான் துடைப்பேன் என்று முந்தின நாள் நின்றவர் அவர்தான். அவரும் பின்னாலேயே வந்து, "எம்புட்டு லட்சணமா அடுக்கிருக்கேன், பாத்தியாத்தா?" என்றார்.

மணிகண்டராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. மதுரைக்குப் பேசப் போனைக் கையில் எடுத்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். மாரிசெல்வி என் காலை ஒரு மிதி மிதித்தாள். இன்றைக்கும் மழைக்கு முன்னால் அந்த விரல் வலிக்கிறது.

"தப்பு எம்மேலதான் அண்ணாச்சி," என்றாள். "நான் எடத்தப் பாத்து அனுமதி குடுத்தேன். ஆளப் பாத்துக் குடுத்திருக்கணும்."

அண்ணாச்சி வயர்களைப் பார்த்தார். தன் விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தார். எத்தனையோ தீபாவளி கண்ட வியாபாரி, அவருக்குப் புரிய நேரமாகவில்லை.

"ஏலே மணிகண்டா, போன உள்ள வையி. புடுங்கிச் சொருகுனது நான்."

மகன் போனைப் பையில் போட்டார். மாரிசெல்வி ரேக்கைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பூட்டியிருந்த போர்ட்டுகளில் வயர் ஏறியவற்றைத் திறந்தாள். எந்தச் சர்வர் எங்கே வந்து நிற்கிறது என்பதைச் சுவிட்சே அதன் எண்ணோடு காட்டியது. அந்த எண்களுக்கு அனுமதியை மாற்றி எழுதினாள், மதுரைக்காரர் சொன்ன அதே வழி. முகம் மட்டும் வேப்பெண்ணெய் குடித்தது போல இருந்தது. மத்தியானத்துக்குள் முதல் தாள் ஓடியது. அனுமதியை மாற்றினாளே தவிர, காலித் துளைகளைத் திரும்பவும் பூட்டிவிட்டுத்தான் சாப்பிட வந்தாள்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அண்ணாச்சி ஏசி அறை வாசலில் நின்று, "உள்ள வரலாமாத்தா?" என்று கேட்டார். உள்ளே வந்து ஆசை தீர எல்லா வயரையும் பிடுங்கித் துடைத்து, பூட்டாத துளைகளுக்குள் தன் இஷ்டத்துக்கு மாற்றிச் செருகினார். எதுவும் நிற்கவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பொரிகடலை வாங்க சோலையம்மாளும் வந்திருந்தார். மகளின் சுவிட்சைப் பார்க்க வேண்டும் என்றார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், யாரும் சொல்லாமலே ரேக்கின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் சுவிட்சின் பக்கம் போனார். நான் அன்றைக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

வயர் இல்லாத துளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏட்டி, இதெல்லாம் சும்மா கெடக்கே. ஆளு வரலையா?"

"வராதும்மா," என்றாள் மாரிசெல்வி. "பூட்டிட்டேன்."