பெயர் சொல்லாமல் நான் கேட்ட செபம்

ஒரு பிள்ளையை என் வாயாலேயே சாகக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு மத்தியானம் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன். 2005ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான், சகோதரங்களே, இதை எழுதுகிறேன். அந்தப் பிள்ளையும் பெற்றோரும் முழுவதையும் வாசித்து, எழுதலாம் என்று சொன்ன பிறகுதான் இது உங்கள் கைக்கு வருகிறது. பிள்ளை யார் என்று தெரிந்தவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். தெரியாதவர்கள் அவர்களிடம் போய்க் கேட்க வேண்டாம்.

நான் கெல்சென்கிர்ச்சனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்குக் கை ஓங்கமாட்டேன், ஆனால் என் வாய்க்கு எல்லாரும் பயம். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

நத்தார் ஒளிவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்த நேரம். தேவதூதராக நிற்கச் சம்மனசு உடுப்புப் போட்டுப் பார்க்க ஒரு பிள்ளை மட்டும் மறுத்தாள். பதினான்கு வயது. நீளக்கை உடுப்பைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்தாள். குளிருகிறதாம். அறையிலோ வெக்கை தாங்கவில்லை. "என்ன பெரிய குளிர்" என்று ஏசிக்கொண்டு நானே அவளுடைய கையைப் பிடித்து உடுப்பை மேலே இழுத்தேன். முன்கை முழுவதும் காயங்கள். சில ஆறியவை, சில புதியவை. விழுந்து வந்த காயம் அப்படி இருக்காது.

அவள் அழவில்லை. என்னை அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மாட்டச் சொல்லாதேங்கோ ரீச்சர். ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன் எண்டு மாதாவில சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். அவள் என் கண்ணுக்கு முன்னால் உடைந்துவிடுவாள் என்ற பயத்தில் பண்ணினேன். சத்தியம் பண்ணினால் அவள் இனி அப்படிச் செய்யமாட்டாள் என்று என் புத்தி சொல்லிற்று. அப்படி ஒரு பேரம் அவள் பேசவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் வேலையிலும் அவள் நினைப்புத்தான். போர்வைகளை மடிக்கும்போது அந்தக் கைதான் தெரிந்தது. தாயிடம் சொன்னால் சத்தியம் போய்விடும். சொல்லாமல் விட்டு அவளுக்கு ஏதும் நடந்தால் என்னைத்தான் பொலிஸ் பிடிக்கும். அவள் படிக்கும் ஜெர்மன் பள்ளிக்கூடத்துக்குச் சொன்னால் யூகன்ட் அம்ற்காரர் வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். பிள்ளைகளின் நலனைப் பார்க்கிற அந்தக் காரியாலயத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் கதைப்பதெல்லாம் அப்படித்தான். விபரம் தெரிந்த ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. கேட்பதற்கே பயம்.

வெள்ளிக்கிழமை எங்கள் செபக்குழு கூடியது. உங்களுக்குத் தெரியும், செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்வோம். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருடைய மகனுக்கு விசா. என் முறை வந்தபோது நெஞ்சு வெடிக்கும் போல இருந்தது. ஆண்டவரிடம் சொல்வது சத்தியத்தை மீறுவதில் சேராது என்று நினைத்தேன். பெயர் சொல்லவில்லை. "எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடத்தில எட்டாம் வகுப்புப் பொம்பிளைப்பிள்ளை ஒண்டு தன்ர கையைத் தானே காயப்படுத்துது. அந்தப் பிள்ளைக்காகச் செபியுங்கோ" என்றேன். எல்லாரும் உருக்கமாகச் செபித்தார்கள். இரண்டு பேர் அழுதார்கள். எனக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. வடை சாப்பிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

எட்டாம் வகுப்பில் மொத்தம் ஐந்து பிள்ளைகள். அதில் பெண்பிள்ளைகள் இரண்டு பேர். மற்றப் பிள்ளையின் தாய் எனக்கு எதிரே இருந்துதான் செபித்தா.

அந்த அம்மா அன்றைக்கே வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் மகளின் இரண்டு கையையும் பார்த்திருக்கிறா. ஒன்றும் இல்லை. அப்போது யார் என்று விளங்கிவிட்டது. கெட்ட மனம் இல்லை அவவுக்கு. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, திங்கள் பின்னேரம் இந்தப் பிள்ளையின் தாய்க்கு ரெலிபோன் எடுத்து, ரீச்சர் செபக்குழுவில் கேட்டபடி நாங்கள் எல்லாரும் உங்கள் மகளுக்காகச் செபிக்கிறோம் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறா. தாய்க்கு அதுவரை ஒன்றுமே தெரியாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்றரைக்கு வேலைத்தலத்தில் என் கைத்தொலைபேசி அடித்தது. அந்தத் தாய். காலையில் மகளிடம் கத்தி அழுது கேட்டாவாம். மகள் பள்ளிக்கூடம் போனாளாம். போகும்போது ஒன்று மட்டும் சொன்னாளாம், எல்லாருக்கும் தெரியும் என்று. பள்ளிக்கூடம் முடிந்து வழக்கமான பஸ்ஸில் அவள் வரவில்லை. அவளுடைய கைத்தொலைபேசி கட்டிலில் கிடக்கிறது. தகப்பன் காரில் தேடப் போய்விட்டார்.

"ரீச்சர், அண்டைக்கு நீங்கள் சொன்னது என்ர பிள்ளையையோ?"

"ஓம்" என்றேன்.

பொறுப்பாளரிடம் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். வேலை உடுப்பைக் கழற்றி மேலங்கியைப் போட்டேன், தொலைபேசியை அந்த உடுப்பின் பையிலேயே விட்டுவிட்டேன். பஸ் நிலையத்தில் பார்த்தேன். கடைத்தெருவில் பார்த்தேன். கால்வாய்ப் பாலத்துக்கு வந்தபோது குனிந்து தண்ணீரைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமல் போகவும் பயமாக இருந்தது. பார்த்தேன். மழைத்தண்ணி ஓடிக்கொண்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. செபமாலை சொல்லத் தொடங்கினால் அருள்நிறை மந்திரத்தின் நடுவில் வார்த்தை மறந்து போகிறது. இருபத்தைந்து வருடம் சொன்ன செபம். கடைசியில் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவும்தான் சொன்னேன்: ஆண்டவரே, என் கையில் அவளைத் தரவேண்டாம், நான் அதற்குத் தகுதியில்லை, வேறு யாராவது நல்ல ஆளின் கையில் கொடும்.

அங்கிருந்து அவளுடைய ஜெர்மன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கட்டடம் வெறிச்சோடிப் போயிருந்தது. ஆசிரியர் அறைக் கதவைத் தட்டினேன். அவளுடைய வகுப்பாசிரியை வெளியே வந்து கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினார். ஐம்பது வயது இருக்கும். நான் அவளுடைய தாயா என்று கேட்டார். இல்லை, தமிழ்ப் படிப்பிக்கிறேன் என்றேன். அப்படியென்றால் எந்த மாணவியைப் பற்றியும் என்னோடு கதைக்க முடியாது, அவள் இங்கே இருக்கிறாளா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியாது என்றார். கெஞ்சினேன். உயிர் போகிற விஷயம் என்றேன். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. விருப்பமென்றால் வெளியே கிடந்த மரவாங்கில் உட்கார்ந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. கல்லு மனுஷி என்று நினைத்தேன். பிறகு கோபம் போய்ப் பயம் வந்தது. உள்ளே பொலிஸ் இருக்கிறது, அதனால்தான் சொல்லவில்லை என்று எண்ணினேன். அந்த வாங்கில் இருபது நிமிடம் இருந்திருப்பேன். தாயின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

பள்ளிக்கூடத்து வாசல் கதவு படாரென்று திறந்தது. தாயும் தகப்பனும் ஓடி வந்தார்கள். அடிதான் விழப்போகிறது என்று எழும்பி நின்றேன். தாய் என் கையைப் பிடித்தா.

"இருக்கிறாள் ரீச்சர். உள்ளுக்கு இருக்கிறாள். உயிரோட இருக்கிறாள்."

நடந்தது இதுதான். பிள்ளை பஸ் தரிப்பு வரை போயிருக்கிறாள். வீட்டுக்குப் போக ஏலாது, எங்கே போவதென்றும் தெரியாது. திரும்பிப் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றிருக்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் அந்த ஆசிரியை ஒரு மணிக்கே போய்விடுவார். அன்றைக்கு அவருடைய கார் கிளம்பவில்லை. திருத்த ஆள் வரும்வரை ஆசிரியர் அறையில் காத்திருந்திருக்கிறார். பிள்ளையை உள்ளே கூப்பிட்டு இருத்தி, கையைக் கழுவிக் கட்டி, முழுவதையும் கேட்டு, அதிபருக்கும் பிறகு வீட்டுக்கும் ரெலிபோன் எடுத்திருக்கிறார். இதைக் கேட்ட என் வீட்டுக்காரர், நீ பாலத்தில் செபிக்க முன்னமே கார் நின்றுபோய்விட்டதே என்று கணக்குப் பார்த்தார். ஆண்டவர் என்னுடைய மணிக்கூட்டைப் பார்த்து வேலை செய்கிறவர் இல்லை என்று சொன்னேன்.

அன்று இன்னொன்றும் நடந்தது. பெற்றோருக்கு ஜெர்மன் கொஞ்சம்தான் வரும். வழக்கமாக மகள்தான் மொழிபெயர்ப்பாள். இதற்கு அவளை வைக்க முடியாதே. என்னை உள்ளே கூப்பிடலாமா என்று தகப்பன் கேட்டார். ஆசிரியை பிள்ளையிடம் கேட்டுவிட்டு வந்தார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். தூரத்து ஊரிலிருந்த ஒரு சித்தியை ரெலிபோனில் பிடித்துச் சமாளித்தார்கள். நான் தனியே மழையில் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அழுதேன். நன்றியும் வெட்கமும் ஒன்றாக வந்த அழுகை அது.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பிள்ளைகளுக்கான மனநல வைத்தியரைச் சந்திக்க டேர்மின் எடுத்து நீண்ட நாள் போய்வந்தாள். யூகன்ட் அம்றிலிருந்து ஒரு பெண் வந்து பெற்றோரோடு இருந்து கதைத்துவிட்டுப் போனா. பிள்ளையை ஒருவரும் பிடுங்கவில்லை. 

சில கிழமை கழித்து, பெற்றோரின் சம்மதத்தோடு அந்த ஆசிரியையைப் போய்ச் சந்தித்தேன். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டேன். பிள்ளை நம்பிச் சொன்னதை ஊருக்குச் சொல்லாமல் காப்பது ஆசிரியரின் கடமை, சட்டமும் அதைத்தான் கேட்கிறது என்றார். ஆனால் பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்த பிறகு அதைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கவும் தனக்கு உரிமை இல்லை என்றார். அதிபருக்குச் சொல்ல வேண்டும், பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், உதவத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளேயே ஆபத்து என்றால் யூகன்ட் அம்றுக்குப் போக வேண்டும். யாருக்குச் சொல்லப் போகிறேன் என்பதை முதலில் பிள்ளைக்கே சொல்லிவிடுவாராம். அதனால் ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று அவர் எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுப்பதில்லையாம். அவர் பேசப் பேச எனக்குத் தலை குனிந்துகொண்டே போயிற்று. சொல்ல வேண்டிய ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாத பதினொரு பேருக்குச் செபம் என்று சொல்லிச் சொல்லியிருந்தேன்.

தாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தா. பிள்ளையிடமும் கேட்டேன். அவள் "சரி" என்றாள், அவ்வளவுதான். அந்த வருடம் அவள் வகுப்புக்கு வரவில்லை. அடுத்த வருடம் வந்தாள், கடைசி வாங்கில் இருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. வாயை அடக்குவது என்ன கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சகோதரங்களே, பயத்தில் இருக்கிற ஒருவர் இதை வாசித்தால், என்னைப் போல நாட்களைக் கடத்தாதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, உதவி செய்யக் கூடிய ஆளின் கதவை அன்றைக்கே போய்த் தட்டுங்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருவரை அவர் இருத்தி வைத்திருப்பார். நான் கண்டேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பிறகு ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பின், அந்தப் பிள்ளை மட்டும் நின்றாள். நல்லாய் வளர்ந்துவிட்டாள். பக்கத்தில் அவளைவிடச் சின்னவள் ஒருத்தி.

"ரீச்சர், இவளுக்கு உங்களோட ஏதோ கதைக்கோணுமாம்."

நான் ஒருவரிடமும் சொல்லமாட்டேன்தானே என்று சின்னவள் கேட்டாள்.

"அப்பிடிச் சத்தியம் பண்ண என்னால ஏலாது பிள்ளை. ஆனா ஆரிட்டச் சொல்லுறதெண்டாலும் முதல் உன்னட்டச் சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன்."

சின்னவள் மற்றவளின் முகத்தைப் பார்த்தாள். பெரியவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரு" என்றாள். சின்னவள் இருந்தாள்.

அவள் என்ன சொன்னாள் என்பதை நான் எழுதமாட்டேன். அவளுக்காக நீங்களும் செபியுங்கள். யாருக்காகச் செபிக்கிறீர்கள் என்று ஆண்டவருக்குத் தெரியும்.