நைனாவுக்காகக் காத்திருந்த எஸ்கேப்

போன வாரம் ஆபீசில் புது லேப்டாப் கொடுத்தார்கள். எஸ்கேப் கீயைத் தொட்டதும் திரையில் இருந்த பெட்டி பட்டென்று மறைந்தது. இவ்வளவு வேகம் ஆகாது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் சிரித்தாள். உங்களிடம் சொன்னால் சிரிக்க மாட்டீர்கள்.

லேப்டாப்பில் புது பிளாஸ்டிக் வாசனை. திருச்சானூர் லாட்ஜ் கவுன்டரில் இருந்த கீபோர்டிலோ ஊதுவத்தி வாசனைதான் அடிக்கும். லாட்ஜ் முதலாளி சாமி படத்துக்குக் காட்டியதைக் கம்ப்யூட்டருக்கும் காட்டிவிட்டுத்தான் கவுன்டரைத் திறப்பார். அந்தக் கீபோர்டைக் கவிழ்த்துச் சாம்பல் தட்டுவதுதான் திருப்பதியில் லாட்ஜ்களுக்குப் புரோகிராம் எழுதித் தரும் எங்கள் சின்னக் கம்பெனி எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு. வீட்டில் இன்ஜினியர் என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.

உருப்படியான வேலையெல்லாம் என்னோடு வேலை பார்த்த முனிரத்தினத்துக்கு. நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம், என் வயது. லாட்ஜில் அறை பதியும் பழைய புரோகிராமை லினக்ஸுக்கு மாற்றியவன் அவன். எழுத்து மட்டுமே தெரியும் கறுப்புத் திரை. எஸ்கேப் தட்டி, அடுத்துப் பூஜ்யம் தட்டினால் பதிவாகும். எஸ்கேப் மட்டும் என்றால் ரத்து. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள, எஸ்கேப்புக்குப் பிறகு புரோகிராம் சற்றுக் காத்திருக்கும்.

கவுன்டரில் உட்கார்ந்திருந்தவர் முனியின் நைனா, அதாவது அப்பா. பக்கவாதம் வந்து, ஒரு விரல்தான் அவர் சொன்னபடி கேட்கும். இடது கோடியில் இருக்கும் எஸ்கேப்பிலிருந்து பூஜ்யத்துக்கு அது போய்ச் சேர நேரமாகும்.

ஒருமுறை, திரையையும் கீபோர்டையும் கவனித்துக்கொள்ளும் லைப்ரரி என்ற புரோகிராம் துண்டைப் புதுப்பித்தோம். புதியது அந்தக் காத்திருப்பைக் குறைத்திருந்தது. நைனாவின் விரல் பாதி வழியில் இருக்கும்போதே பதிவு அழிந்தது. திரும்ப அடித்தார், திரும்ப அழிந்தது. குடிபாலாவிலிருந்து வந்த கல்யாண கோஷ்டி பெட்டி படுக்கையோடு நின்றது. வீட்டில் ரெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி தெலுங்கில் நயமாகத்தான் சொன்னார். அந்த நாற்காலி போனால் நைனாவுக்கு வீட்டு மூலைதான்.

பழைய லைப்ரரிக்கே போய்விடலாம் என்றேன். மற்ற லாட்ஜ்களுக்குப் புதியது வேண்டும் என்றான் முனி. புதியதை வைத்துக்கொண்டே, அந்த ஒரு கவுன்டருக்கு மட்டும் பழைய காத்திருப்பைத் திருப்பி வைத்தான்.

“அது குந்திக்கினு இருக்கட்டும்டா. நைனாவுக்கு இன்னா அவசரம்?”

அதன்பின் ஒவ்வொரு அப்டேட்டிலும் நைனாவைப் போலவே ஒற்றை விரலால், மெதுவாகத் தட்டிச் சோதித்துப் பார்ப்பான். நைனாவிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. மெஷின் எப்படிச் சரியானது என்று அவர் கேட்டபோது ஒயர் லூசாக இருந்தது என்றேன்.

கொரோனா முனியைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரி வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நைனா கொஞ்ச நாளில் கவுன்டருக்குத் திரும்பினார். அப்டேட் வந்தால் இப்போது ஒற்றை விரலால் தட்டிப் பார்ப்பது நான். ஒரு மத்தியானம் மனசு தாளாமல் ஒயர் கதை பொய், காத்திருப்பைத் திருப்பி வைத்தது முனி என்று சொல்லிவிட்டேன். அவர் எஸ்கேப்பை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அப்போ இத்தினி நாளா எனக்கோசரம் நின்னுக்கினு இருந்தது அவந்தானா?”

அதிலிருந்து அவர் எஸ்கேப்பைத் தட்டிவிட்டு விரலைப் பூஜ்யத்தின் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். அழியப் போகிறது என்னும்போதுதான் தட்டுவார். அவசரப்படும் யாத்ரீகர்களிடம் அந்த நேரத்தில் பேச மாட்டார்.

இப்போது லாட்ஜில் எல்லோரும் போனிலேயே அறை பதிகிறார்கள். அந்தப் புரோகிராமை எடுத்துவிட்டார்கள். நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். முனிக்காக நான் செய்ய மிச்சமிருந்தது ஒற்றை விரலால் தட்டிப் பார்க்கும் அந்த ஒரு வேலைதான், அதுவும் இல்லை.