சீஸுக்கு ஓர் இடம்

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் என் மைத்துனர் பாரிஸிலிருந்து காரைக்காலுக்கு வந்தால், பெட்டியில் பாதி சீஸ்தான் இருக்கும். போன முறை அதற்கு ஃப்ரிட்ஜில் இடம் போதவில்லை. கதவுத் தட்டில் இருந்த என் இன்சுலின் குப்பியை எடுத்து ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அது கல்லாக இருந்தது.

"வெளியே வச்சா உருகிடும் அத்தான்," என்றார்.

உருகியது. வழக்கம்போல் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டிப் பார்த்தேன். பால்போல் சீராகக் கலங்க வேண்டிய மருந்து, திரிந்த பால்போல் துகள் துகளாக நின்றது. ஒருமுறை உறைந்துவிட்டால் அந்த இன்சுலினைப் போடக்கூடாது என்று சொல்லி ஒதுக்கிவைத்தேன்.

"வஞ்சிரத்தையும் ஃப்ரீசர்ல வச்சுத்தானே சாப்பிடுறோம்?"

வஞ்சிரத்தை நான் வயிற்றில் குத்திக்கொள்வதில்லை என்றேன்.

மருந்துக் கடை திறக்கும்வரை காத்திருந்து, புதுக் குப்பி வாங்கி, ஊசி போட்டு இட்லிக்கு உட்காரும்போது மணி பத்து. பசியில் எனக்குக் கோபம் வரும்.

"அந்த சீஸைத் தூக்கி ஃப்ரீசர்ல வச்சிருக்கலாமே தம்பி?"

விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சீஸை உறைய வைக்கக் கூடாதுங்க அத்தான். கெட்டுப்போயிடும்."