கையில் பை இருந்தால் விடாத நாய்கள்

நனைந்த நாயின் வாடை எனக்கு இன்றும் ஆகாது. எங்கள் கீழ்க்கட்டளைக் குடியிருப்பில் மழை பிடித்துக்கொண்டால் தெருநாய்கள் வந்து லிப்ட் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். காவலாளி விரட்டுவார், அவை எழுந்து இரண்டடி தள்ளிப் படுக்கும். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயதாகிவிடும். படப்பைக்கு உள்ளே தள்ளியிருந்த பெரியப்பா வீட்டுக் கூடம் கண் முன்னால் வரும். குறுக்கே கட்டிய கொடிக்கயிறு, அதில் காயவே காயாத எங்கள் துணிகள், கயிற்றுக்குக் கீழே ஈரத்தோடு படுத்திருக்கும் மூன்று நாய்கள். சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து வாசல் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா. ஊருக்குப் போய்ப் பசுமை பார்த்து வந்தோம், நாய்களோடு விளையாடி வந்தோம் என்று யாராவது மகிழ்ச்சியாகச் சொன்னால் நான் வாயைத் திறப்பதில்லை. அவர்கள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா வேலை பார்த்த கம்பெனியில் கதவடைப்பு. இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று அவர் தினமும் சவரம் செய்துகொண்டு போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருவார். அம்மா தெருவுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். தாம்பரத்தில் அப்போது புதிதாக ஆரம்பித்திருந்த ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் தையலுக்குப் பெண்களை எடுத்தார்கள். அம்மா போய் மெஷினில் உட்கார்ந்து ஒரு காலர் தைத்துக் காட்டினாள், எடுத்துக்கொண்டார்கள். தீபாவளி முடிந்து வருகிற திங்கட்கிழமை காலையில் சொந்தக் கத்தரிக்கோலோடு வர வேண்டும், வராவிட்டால் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று சொல்லியனுப்பினார்கள். அம்மா கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வாங்கி வந்து, ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தாள். அவளுக்கு அதற்குமுன் சொந்தமாக ஒரு காரியம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பா வந்து நின்றார். "தீபாவளிய நம்ம வூட்ல வெச்சிக்கலாம்டா. புள்ளைங்க நாலு நாள் தோப்புல ஓடியாடட்டும்" என்றார். அப்பாவின் சின்ன வயதிலேயே தாத்தா இறந்துவிட்டதால் அப்பாவை வளர்த்து ஆளாக்கியது பெரியப்பாதான். அவர் ஒன்று சொல்லி அப்பா தட்டியது கிடையாது. வெள்ளிக்கிழமை திரும்பிவிடலாம் என்று பேசிக்கொண்டு கிளம்பினோம். கத்தரிக்கோலை வீட்டில் விட அம்மாவுக்கு மனம் வரவில்லை, பையில் அடியில் வைத்து எடுத்து வந்தாள்.

தீபாவளியன்று மாலை பிடித்த மழை நிற்கவே இல்லை. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் பெருகிச் சாலைமேல் ஓட ஆரம்பித்தது. பஸ் ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டோடு போய்விட்டது. ரேடியோவில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை என்று சொன்னபோது நானும் தம்பியும் குதித்தோம். தம்பிக்கு அப்போது மூன்று வயது, அவனுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது, நான் குதித்ததால் அவனும் குதித்தான். ஒரே நாளில் அந்தக் குதிப்பு அடங்கிவிட்டது. தோப்பு முழுக்கச் சேறு. கூடத்தில் பூரான். அடுப்பில் ஈர விறகுப் புகை. பாய், தலையணை, சோறு எல்லாவற்றிலும் நாய் வாடை.

அந்த நாய்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கருப்பன், செவலை, டைகர் என்று மூன்று. டைகர்தான் மூன்றிலும் நோஞ்சான். வீடு கொய்யாத் தோப்புக்கு நடுவில் இருந்தது, சுற்றி முள்வேலி, முன்னால் ஒரே ஒரு இரும்புக் கேட். காய் திருட்டு தாங்காமல் பெரியப்பா நாய்களை ஒரு தினுசாகப் பழக்கியிருந்தார். யார் உள்ளே வந்தாலும் அவை ஒன்றும் செய்யாது. ஆனால் கையில் மூட்டையோ கூடையோ பையோ எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து யாராவது நடந்தால் மூன்றும் எழுந்து வந்து வழியை மறிக்கும். கடிக்காது, குரைக்காது, தொண்டைக்குள்ளேயே உறுமும். மீறி நடந்தால் வேட்டி நுனியையோ சேலைத் தலைப்பையோ கவ்விக்கொள்ளும். வீட்டைப் பார்த்துத் திரும்பினால் விட்டுவிடும், கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் பெரியப்பா வந்து "டேய், வுடு" என்றால்தான் விடும், வேறு யார் சொன்னாலும் கேட்காது. காய் பறிக்கிற ஆட்கள் கூடையோடு கேட்டருகில் நின்று அவர் சாப்பிட்டுக் கைகழுவும்வரை காத்திருப்பார்கள். இதில் அவருக்கு ஏகப் பெருமை. யாராவது வந்துவிட்டால் என் கையில் ஒரு கொய்யாப் பையைக் கொடுத்து நடக்கவிட்டு வித்தை காட்டுவார்.

பெரியப்பா கெட்டவர் என்று எழுதினால் என் கை கூசும். எங்களுக்கு வேளாவேளைக்குச் சுடச்சுடச் சோறு போட்டார். தம்பியைத் தோளிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் ஒரு முடிவோடுதான் எங்களைக் கூட்டி வந்திருந்தார் என்பது மழையோடு மழையாகத் தெரிய வந்தது. தம்பி பெண்டாட்டியான அம்மாவிடம் நேராகப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லாததால் எல்லாம் என் மூலமாகத்தான் நடந்தது. "பாப்பா, உங்கம்மா கையில சொல்லு, தாம்பரத்து வூட்ட காலி பண்ணிட்டு இங்கயே வந்துடட்டும்னு. தோப்ப உங்கப்பன் பாத்துக்கட்டும்" என்பார். அம்மா நான்கு முழத் தூரத்தில் உட்கார்ந்திருப்பாள், அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் திரும்பி ஒருமுறை சொல்ல வேண்டும். "திங்கட்கிழமை நான் வேலைக்குச் சேரணும்னு சொல்லுடி" என்பாள் அம்மா. நான் அந்தப் பக்கம் திரும்புவேன். "நம்ம வூட்டுப் பொம்பளைங்க கம்பெனிக்குப் போயி சம்பாரிக்கணும்னு இன்னா தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விடுவார். நடுவில் உட்கார்ந்திருக்கும் அப்பா பாய்க்கோரையைக் கிள்ளிக்கொண்டே, "அண்ணன் நல்லதுக்குத்தான் சொல்லுவாரு" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கே எரிச்சல் வந்தது என்றால் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா பையைக் கட்டினாள். கலங்கலில் ஆளை இழுக்கிற தண்ணீர் போகிறது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். சனிக்கிழமை மறுபடி கட்டினாள். கிழக்கே சூலம், அந்தத் திசைக்கு யாராவது கிளம்புவார்களா என்றார். ஒரு வாய் தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் தோஷமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அதை நான் சொல்லப் போய் அப்பாவிடம் ஒரு முறைப்பு வாங்கினேன். திங்கட்கிழமையும் கிழக்கே சூலம்தான். அப்படியென்றால் மிச்சமிருப்பது ஞாயிறு ஒன்றுதான் என்று அம்மா கணக்குப் போட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் பெரியம்மா ஊதுகுழலை வைத்து ஊதிக்கொண்டிருந்தார், அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெரியம்மா அதிகம் பேசாதவர். அன்றைக்கு என்னவோ தானாகவே ஆரம்பித்தார். "ஒரு தபா எங்கம்மா வூட்டுக்குப் போலாம்னு பையத் தூக்கினு கேட்டாண்ட போனேன். அவரு ஏரிக்குப் போயிருந்தாரு. இதுங்க மூணும் சுத்தி நின்னுகிச்சி. வெயில்ல நின்னு நின்னு பாத்தேன். அப்பறம் திரும்பி வந்து ஒலை வெச்சிட்டேன்."

"அப்புறம் போவலியா அக்கா?"

"போவல. அவராண்ட போய் கேட் வரைக்கும் வான்னு கூப்புட ஒரு மாதிரியா இருந்திச்சி. அப்டியே வுட்டுட்டேன்." புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெறுங்கையா போனா ஒண்ணும் பண்ணாது. கடைக்குப் போறப்ப வாலாட்டிகினு கூடவே வரும்" என்றார். இதை அவர் யோசனையாகச் சொன்னாரா, பேச்சோடு பேச்சாகச் சொன்னாரா என்பது அம்மாவுக்கே கடைசிவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூறல் மட்டும்தான். ஞாயிறும் அதுவுமாகக் கறி சாப்பிடாமல் எங்கே போவது என்று பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு படப்பைக்குக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் அம்மா பையோடு வாசலில் இறங்கினாள். மூன்று நாய்களும் எழுந்து வந்தன. கருப்பன் எதிரே நின்றது, செவலை முந்தானையைக் கவ்வியது. "அண்ணன் வந்துடட்டும். கறியச் சாப்ட்டுட்டு, சொல்லிட்டுப் போலாம்" என்றார் அப்பா. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பையைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு, அதிலிருந்த எங்கள் துணிகளை அள்ளிக்கொண்டு என்னையும் தம்பியையும் நெல் வைத்திருக்கும் அறைக்குள் இழுத்துப் போனாள்.

எனக்குப் பாவாடைமேல் பாவாடையாகப் போட்டுவிட்டாள். தீபாவளிப் பட்டுப்பாவாடை எல்லாவற்றுக்கும் மேலே. தம்பிக்கு இருந்த சட்டை அத்தனையும் மாட்டியதில் அவனால் கையை மடக்க முடியவில்லை. அவள் ஒரு சேலைமேல் இன்னொரு சேலை, அதற்குமேல் மற்றொன்று. கத்தரிக்கோலை இடுப்பில் சேலைகளுக்கு நடுவே செருகினாள். பையில் அப்பாவின் துணி மட்டும் மிஞ்சியது. நான் சிரித்துவிட்டேன், அம்மாவும் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்தது அப்போதுதான்.

கையை வீசிக்கொண்டு மூவரும் இறங்கினோம். நாய்கள் மோந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டின. பாதி வழியில் தம்பி சேற்றில் நின்று, தூக்கு என்று கையை நீட்டினான். அம்மா குனிந்து அவனைத் தூக்கினாள், அவ்வளவுதான், கருப்பன் உறுமிக்கொண்டு முன்னால் வந்தது. அதன் கணக்கில் அவனும் ஒரு மூட்டை. அம்மா இறக்கிவிட்டாள். அவன் சேற்றில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். பெரியப்பாவின் சைக்கிள் மணி எந்த நிமிடமும் கேட்கலாம். அம்மா அதட்டவில்லை. அவன் பக்கத்தில் மூன்று சேலையோடு அப்படியே குந்திக்கொண்டு மூக்கைத் துடைத்துவிட்டாள். டைகர் வந்து அவன் முகத்தை நக்கியது. அவன் அழுகையை நிறுத்தி அதன் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். காதை விடாமல் நடந்தான். அந்த நோஞ்சான் நாயே அவனைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து விட்டது.

வெளியே வந்து திரும்பிப் பார்த்தால், அப்பா பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். நாய்கள் அவரைச் சுற்றி நின்றுகொண்டன. "இரு, அண்ணன் வந்துடட்டும்" என்றார். "நான் போறேன். நீங்க சொல்லிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா நடந்தாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தூறலில் பையோடு நின்ற அவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அவர்மேல் கோபமும் வந்தது. அடுப்படி வாசலில் பெரியம்மாவும் நின்றுகொண்டிருந்தார்.

கலங்கலில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. எப்படி இறங்குவது என்று நின்றபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து தம்பியைத் தூக்கித் தோளில் வைத்தது. அப்பா. கையில் பை இல்லை. நடுத்தண்ணீரில் இருக்கும்போது எதிர்க்கரையில் பெரியப்பா சைக்கிளோடு வந்து நின்றார், மந்தார இலையில் கட்டிய கறி கைப்பிடியில் தொங்கியது. எங்கள் உப்பிய உடம்புகளைப் பார்த்தார், எங்கள் வெறுங்கைகளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. முதல்முறையாக என்னைத் தூது விடாமல் அம்மாவிடமே பேசினார்.

"கறி எடுத்தாந்தேன்."

"நாளைக்கு வேலைக்குச் சேரணும் மாமா."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனியவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். "எடது பக்கம் பள்ளம் கீது. இப்பிடிக்கா வா" என்று அம்மாவுக்கு வழி காட்டிவிட்டு, நாங்கள் கரையேறும்வரை அங்கேயே நின்றிருந்தார்.

அடுத்த வாரமே அப்பாவின் பையைக் கொண்டுவந்து கொடுத்தார், பை நிறையக் கொய்யா. அம்மா அந்தக் கம்பெனியில் கண் மங்கும்வரை தைத்தாள், நாங்கள் இருவரும் படித்தது அதில்தான். பெரியப்பா காலமான பிறகு பெரியம்மா இரண்டு கையிலும் இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் இருந்தார். தோப்பு இப்போது மனைகளாகிவிட்டது. அந்தப் பக்கம் காரில் போகும்போது கேட் இருந்த இடம் எது என்று எனக்கே பிடிபடுவதில்லை.

அன்றைய பஸ்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கூட்டமே இல்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, வேர்த்துக் கொட்டியதால் மேல் சேலையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் குத்தி இடுப்பில் தடித்திருந்தது. மண்ணிவாக்கம் தாண்டியதும் அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "காலையில எத்தனை மணிக்குப் போவணும்?" என்றார்.

"ஏழுக்கெல்லாம் அங்க நிக்கணும்."

அப்பா தூங்கிவிட்ட தம்பியை மடியில் சரியாகப் படுக்க வைத்துக்கொண்டார். "சோறு ஆக்கிடுவேன். கொழம்புதான் வெக்கத் தெரியாது. இன்னிக்கே சொல்லிக் குடுத்துடு" என்றார்.