கம்ப்யூட்டரில் வைத்த பொங்கல்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் சித்தப்பா கோவில்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியாராக இருந்தார். பொங்கலுக்கு முந்தின நாள் பெற்றோரை வரவழைத்து ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். வாழ்த்துச் சொல்லும் விளையாட்டு ஒன்று செய்வதென்று சித்தப்பா முடிவு பண்ணினார். துணைக்கு அக்காவைச் சேர்த்துக்கொண்டார். என்னைச் சேர்க்கவில்லை.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. ஆனால் வீட்டில் படம் வரைகிறவள் நான்தான். அவள் போடும் கோலத்தில் புள்ளி ஒரு பக்கம் நிற்கும், கோடு ஒரு பக்கம் போகும். அவளைத்தான் தினமும் சாயங்காலம் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் நான் தெருவில் உருண்டு அழுததில் எனக்கும் முன்கம்பியில் இடம் கிடைத்தது.

ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த, விளையாட்டு உருவாக்கும் சி.டி.யை வைத்துத்தான் வேலை நடந்தது. அது இன்னும் முழுசாகத் தயாராகாத சரக்கு என்று சித்தப்பாவே சொன்னார். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் திரை அப்படியே உறைந்துவிடும். 'பொங்கல்' என்று அடித்தால் கொம்பு ஒரு மூலைக்கும் கால் ஒரு மூலைக்கும் ஓடும். கடைசியில் அக்கா மவுஸைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தையும் படமாகவே வரைந்தாள். கோணலாகத்தான் இருந்தது.

"அச்சடிச்ச மாதிரில்லா இருக்கு" என்றார் சித்தப்பா. எனக்கு வயிறு எரிந்தது.

அம்புக்குறிப் பொத்தான்களால் ஒரு பெண்ணை நடத்திப்போய், காட்டில் கிடக்கும் பருத்திமார் விறகைப் பொறுக்க வேண்டும். கீழே இருக்கும் நீளப் பொத்தானை அமுக்கினால் அதை அடுப்பில் வைப்பாள். பத்துக் கட்டு எரிந்ததும் பானை பொங்கி வாழ்த்து வரும். இதுதான் விளையாட்டு.

"அந்தப் பொம்பளைய நான் வரையுதேன் சித்தப்பா."

"ஏட்டி, கைய வச்சிராத. இது வெளையாட்டுச் சாமான் இல்ல."

"வெளையாட்டுத்தான செய்யுதீங்க?"

அக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

ஒருநாள் அவர்கள் இருவரும் முதலாளி அறைக்குப் போயிருந்தபோது நானே ஆடிப் பார்த்தேன். அவசரத்தில் அம்புக்குறியையும் நீளப் பொத்தானையும் ஒன்றாக அமுக்கிவிட்டேன். அந்தப் பெண் அடுப்புக்குள் பாதி உடம்போடு நின்றுவிட்டாள். எதை அமுக்கியும் அசையவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு நல்லபிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

விழாவுக்கு அப்பாவும் வந்தார். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பச் சொல்லி அக்கா நச்சரித்துக்கொண்டிருந்தாள். "நீங்க என்னதான் செய்யுதீங்கன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றிருந்தார் அப்பா. அது எனக்கும் தெரியும். அது எவ்வளவு பெரிய காரியம் என்பதுதான் தெரியாது.

எல்லாரும் சுற்றி நின்றார்கள். "சின்னவளே ஆடிக் காட்டட்டும்" என்று அக்காதான் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்றாள். ஒன்பது கட்டு எரிந்தது. கூட்டத்தில் ஒருவர், "யாரு, உங்க மூத்த பிள்ளையா செஞ்சது?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா முகத்தில் ஒரு பெருமை ஓடியது. என் படத்துக்கு ஒருநாளும் ஓடாத பெருமை.

இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினேன்.

பானை பொங்கவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா என் விரல்களைப் பார்த்தாள். பிறகு என் கையை மெதுவாக விலக்கிவிட்டுத் தன் கையை அங்கே வைத்தாள்.

"நாந்தான் சித்தப்பா, குறுக்க கைய வச்சி தப்பா அமுக்கிட்டேன்" என்றாள்.

"இதுக்குத்தானா இத்தன நாளு? பேசாம பி.காம். படி" என்று சொல்லிவிட்டு அப்பா படியிறங்கிப் போனார். அவள் பி.காம்.தான் படித்தாள்.

திரும்பும் வழியில் சித்தப்பா ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கி, அழுதுகொண்டிருந்தவள் கையில் கொடுத்தார். முழுசையும் அவளுக்கே கொடுக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் பாதியை உடைத்து என்னிடம் நீட்டினாள். வாங்கித் தின்றேன். எது தன் விரல், எது என் விரல் என்றுகூடத் தெரியாத இவளைப் போய்க் கம்ப்யூட்டருக்குச் சேர்த்தாரே என்று சித்தப்பாமேல்தான் கோபம் கோபமாக வந்தது.